வெடிக்காத காரும் மூன்று முறை செத்த அடியாளும்

கையில் பணம் இல்லாமல் எந்தப் படத்தை வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், சண்டைப் படத்தைத் தவிர. காதல் படத்துக்கு ஒரு மரமும் இரண்டு பேரும் போதும். பேய்ப் படத்துக்கு இருட்டு போதும். இருட்டுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை. சுவரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்க ஒருவர் கிடைத்துவிட்டால் கலைப்படமே எடுத்து விருதுக்கு அனுப்பலாம். சண்டைப் படத்தில் மட்டும் கார் பறந்தாக வேண்டும், கட்டடம் வெடித்தாக வேண்டும், ஒற்றை ஆள் முப்பது பேரை அடித்துப் போட்டாக வேண்டும். இதற்கெல்லாம் பணம் இல்லாத இயக்குநர் கதையை மாற்றிக்கொள்வார் என்றுதானே நினைப்பீர்கள்? மாற்ற மாட்டார். காரைப் பறக்கவிட்டே தீருவார்.

அப்படிப் பறந்த ஒரு காரை அண்மையில் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எடுத்தவர்கள் எங்கிருந்தாலும் கடனை அடைத்துவிட்டு நலமாக இருக்கட்டும்.

வில்லனின் சிவப்புக் கார் மலைப்பாதையில் சீறிக்கொண்டு வருகிறது. வளைவில் திரும்ப முடியாமல் விளிம்பை நோக்கிப் பாய்கிறது. அடுத்த நொடி பள்ளத்தில் உருண்டு விழுவது ஒரு பழுப்பு நிறக் கார். இருபது வருடம் மூத்தது. ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லை. அதுவும் பாதி உருண்டதோடு சரி. மீதியை நாயகனின் முகத்தைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கிருந்தோ ஒரு வெடிச் சத்தம். நாயகனின் இடது கன்னத்தில் மட்டும் ஆரஞ்சு வெளிச்சம் விழுந்து ஆடுகிறது. தீயின் நடனம் என்று காட்ட யாரோ வண்ணக் காகிதம் கட்டிய விளக்கைப் பிடித்து ஆட்டியிருக்கிறார்கள். கடைசி இரண்டு நொடியில் ஆட்டம் மந்தமாகிவிட்டது. கை வலித்திருக்கும், பாவம்.

“வண்டி எந்த இடத்தில் மாறியது?” என்று அத்தான் கேட்டார்.

அவர் கணக்குத் தணிக்கையாளர். கண் முன்னே எது ஓடினாலும் வரவு செலவு பார்க்காமல் விட மாட்டார். இந்த மாதிரிப் படங்களைத் தேடிப் பிடித்து வருபவன் அவருடைய மகன். நல்ல படம் பார்க்க அவனுக்குப் பொறுமை கிடையாது. அக்காவுக்குத் தையல் கை. நடிகரின் முகம் மறந்துபோகும், சட்டைக் காலர் மறக்காது. அம்மாவோ படத்தைப் படமாகப் பார்த்ததே இல்லை. திரையில் அடிபட்டவனுக்கு யாராவது மருந்து போட்டார்களா என்று கவலைப்படுகிற பிறவி. இந்த நால்வரையும் வைத்துக்கொண்டு ஒரு நல்ல படத்தை முழுதாகப் பார்க்க முடியாது. மோசமான படத்துக்கு இதைவிடச் சிறந்த சபை வாய்க்காது.

கார் மாறிய ரகசியம் எளிது. வேறு யாரோ, எப்போதோ, எதற்காகவோ எடுத்து வைத்த காட்சியை விலைக்கு வாங்கி நடுவில் ஒட்டிவிடுவார்கள். விலைக்கு வாங்குகிறவர்கள் யோக்கியர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1982-இல் துருக்கியில் ‘துன்யாயி குர்தரான் ஆதம்’ என்றொரு விண்வெளிச் சண்டைப் படம் வந்தது. ‘உலகைக் காப்பாற்றிய மனிதன்’ என்று பொருள். விண்கலம் செய்யக் காசில்லை. அதற்காகக் கதையைத் தரைக்கு இறக்கிவிடவில்லை. ஹாலிவுட்டின் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திலிருந்து காட்சிகளை அனுமதி கேட்காமலேயே எடுத்துக்கொண்டார்கள். நாயகன் ஜூனைத் அர்கின் தலைக்கவசத்தோடு உட்கார்ந்து கலத்தை ஓட்டுவார். அவர் முதுகுக்குப் பின்னால் அந்தக் காட்சிகள் ஓடும். மூலப் படத்தில் காட்சி வெட்டி மாறும்போதெல்லாம், இவருடைய பின்னணியும் வெட்டி மாறும். அண்டமே இடம் மாறியும் அவர் முகத்தில் ஒரு சலனம் இருக்காது. பின்னணி இசையும் ஹாலிவுட்டிலிருந்து வந்த விருந்தாளிதான்.

எங்கள் படத்துக்கு வருகிறேன். நாயகன் கையில் ரிவால்வர். வழக்கமான ரிவால்வரில் ஆறு தோட்டாக்கள் இருக்கும். அத்தான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். சண்டை முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “ஆறு இருப்பு உள்ள இடத்தில் பதினேழு செலவு காட்டியிருக்கிறான். மீதிப் பதினொன்றுக்கு ரசீது எங்கே?” என்றார். நியாயமான கேள்வி. எதிர்த்தரப்பில் இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஆளுக்கு நூறு தோட்டாவாவது சுட்டிருப்பார்கள். நாயகன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். அவர் மேல் ஒன்றும் படவில்லை. நாற்காலி மேலும் படவில்லை என்பதுதான் விசேஷம். வாடகை நாற்காலியாக இருக்கும்.

இப்போதெல்லாம் துப்பாக்கி முனையில் வரும் தீப்பொறியைக் கணினியிலேயே வரைந்துவிடுகிறார்கள். படப்பிடிப்பில் யாருக்கும் காயம் படாது என்பதால் அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் உண்மையான தீப்பொறி என்றால் சுடுகிறவன் முகத்தில் வெளிச்சம் அடிக்க வேண்டும், கைத்துப்பாக்கியின் மேல்பகுதி பின்னால் போய் வர வேண்டும், காலித் தோட்டா தெறிக்க வேண்டும். இவை எதுவும் நடக்காதபோது, சுட்டதாகக் காட்டும் பொறுப்பு முழுவதும் நடிகரின் தோளில் விழுகிறது. அவர்களும் மனச்சாட்சியோடு தோளைக் குலுக்குகிறார்கள். சிலர் தீப்பொறிக்கு முன்பே குலுக்கிவிடுகிறார்கள். ஒருவர் ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் வாயாலேயே “டுப்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கவில்லை, உதடு அசைவது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அக்கா மகன் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, கடைசியில் தரையில் படுத்துச் சிரித்தான்.

கைச் சண்டை இதைவிடச் சிறப்பு. திரையில் ஒரு குத்து என்பது மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை: குத்துபவர், வாங்குபவர், கேமரா. முஷ்டி உண்மையில் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளியே போகும். கேமராவை ஒருவரின் தோளுக்குப் பின்னால் நிறுத்தினால் அந்த இடைவெளி மறைந்துவிடும். வாங்குபவர் சரியான கணத்தில் தலையைத் திருப்பினால் பார்ப்பவனுக்கே பல் வலிக்கும். எங்கள் படத்தின் ஒளிப்பதிவாளரோ எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் கேமராவை நேர்ப் பக்கவாட்டில் நிறுத்தியிருந்தார். முஷ்டிக்கும் மூக்குக்கும் நடுவே பின்னால் இருந்த சன்னல் முழுதாகத் தெரிந்தது. முஷ்டி கடந்து போயிற்று. வாங்குபவர் சற்று யோசித்தார். பிறகு, வேறு வழியில்லை என்று முடிவெடுத்தவராகக் கீழே விழுந்தார். அவர் விழுந்து அடங்கிய பின் குத்து விழுந்த ஓசை வந்து சேர்ந்தது.

ஓசை பிந்துவதற்கும் காரணம் உண்டு. சண்டையில் நாம் கேட்கும் சத்தங்கள் பெரும்பாலும் படப்பிடிப்பில் பதிவானவை அல்ல. பிறகு தனியே உண்டாக்கிப் படத்தோடு பொருத்தப்படுபவை. ஹாலிவுட்டில் யுனிவர்சல் நிறுவனத்தில் இந்தக் கலையை வளர்த்த ஜாக் ஃபோலியின் பெயராலேயே அதை இன்றும் குறிப்பிடுகிறார்கள். எலும்பு முறிகிற ஓசைக்குச் செலரிக் கீரையின் தண்டை முறிப்பது அங்கே காலங்காலமான வழக்கம். திரையில் நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது தனித்தனி அசையாப் படங்கள், ஓடுகின்றன. ஓசை நாலைந்து சட்டம் தள்ளிப்போனாலே காது காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் படத்தில் அது நாலைந்து சட்டத்தோடு நிற்கவில்லை. போதாக்குறைக்கு, கையிருப்பில் இருந்தது ஒரே ஒரு ஓசை. முகத்தில் குத்தினாலும் அதுதான், வயிற்றில் உதைத்தாலும் அதுதான். நாயகி கோபமாகக் கார்க் கதவைச் சாத்தியபோதும் அதே ஓசை வந்தது. கதவுக்கு அடிபட்டிருக்குமே என்று அம்மா திரும்பிப் பார்த்தாள்.

ஒரே அலறலைப் பல படங்களில் கேட்கும் வழக்கம் பெரிய இடத்திலும் உண்டு. 1951-இல் ஒரு படத்தில் முதலையிடம் சிக்கும் ஆளுக்காகப் பதிவு செய்த அலறல், ‘வில்ஹெல்ம் அலறல்’ என்ற பெயரோடு இன்றுவரை நூற்றுக்கணக்கான படங்களில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் அதைத் தெரிந்தே, தங்களுக்குள் ஒரு விளையாட்டாகச் செய்கிறார்கள். எங்கள் படத்தில் ஐந்து அடியாட்களுக்கும் ஓர் ஆயாவுக்கும் ஒரே அலறல்.

அடியாட்கள் என்றதும் மீசைக்காரர் நினைவுக்கு வருகிறார். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு கிடங்கில் குண்டடி பட்டு, பெட்டிகள் மேல் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்து, நாயகனைவிட நன்றாக நடித்து இறந்தார். அம்மாவுக்கு மனது கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, மீசை இல்லாமல் ஒரு மொட்டை மாடியில் அவரே நின்றார்.

“அதே பையன்தானே? நல்லவேளை, பிழைத்துவிட்டான்!” என்று அம்மா மகிழ்ந்தாள்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அவர் மாடியிலிருந்து கீழே தள்ளப்பட்டார். விழும்போது அவருக்குக் கை கால் மடங்காத விறைப்பு வந்துவிட்டது. விழுந்தது துணி சுற்றிய பொம்மை. காலணி ஒன்று தனியாகக் கழன்று, அவருக்கு முன்பே தரையைத் தொட்டது. பிறகு உச்சக்கட்டச் சண்டையில், தலையில் தொப்பியோடு மூன்றாவது முறையாக வந்தார். அம்மாவுக்கு இப்போது இரக்கம் போய்க் கோபம் வந்துவிட்டது. “இரண்டு தடவை கடவுள் காப்பாற்றியிருக்கிறார். வேறு வேலைக்குப் போகக் கூடாதா இந்தப் பிள்ளை?”

“அத்தை, அவருக்குச் சம்பளப் பாக்கி இருக்கும்” என்றார் அத்தான்.

நடுவே ஓர் இரவுக் காட்சி வந்தது. வில்லன் “இந்த நடுநிசியில் யார் அது?” என்று கேட்டதால் இரவு என்று தெரிந்தது. பகலில் எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, நீலம் பூசி இரவாக்கும் தந்திரம் பழையது. விளக்குகளுக்குக் காசில்லாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். கவனமாகச் செய்தால் நம்பலாம். வானத்தைக் காட்டக் கூடாது, கடும் நிழல் விழக் கூடாது, பறவை பறக்கக் கூடாது. எங்கள் படத்தின் நடுநிசியில் ஆட்களின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஒருவர் நெற்றியில் கை வைத்து நிலவொளியை மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

இதே நாயகனின் தலைமுடி அறைக்குள் நுழையும்போது தோள்வரையும், நாற்காலியில் உட்காரும்போது காதுவரையும் இருப்பதைக் கண்டுபிடித்தது அக்காதான். “ஒரு கதவைத் தாண்டுவதற்குள் முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டானே” என்றாள். அக்கா மகன் சொன்னான், இதற்கு ஒரு முன்னோடி உண்டாம். 1991-இல் அமீர் ஷெர்வான் இயக்கிய ‘சாமுராய் காப்’. அதன் நாயகன் மேட் ஹேனன், படப்பிடிப்பு முடிந்துவிட்டது என்று நம்பித் தன் நீண்ட கூந்தலை வெட்டிக்கொண்டார். சில மாதம் கழித்து இன்னும் காட்சிகள் பாக்கி இருக்கின்றன என்று அழைப்பு வந்தது. பெண்கள் அணியும் பொய்முடி ஒன்றை வைத்து மீதியை எடுத்தார்கள். அந்தப் படத்தில் ஒரே உரையாடலில் முடி அசலும் போலியுமாக மாறி மாறி வரும். சண்டையைவிட முடியைத்தான் நாம் பதற்றத்தோடு கவனிப்போம், எப்போது கழன்று விழுமோ என்று.

வெட்டி ஒட்டுவதைத் தொழிலாகவே செய்தவர்களும் இருந்தார்கள். 1980-களில் ஹாங்காங்கில் காட்ஃப்ரி ஹோ என்ற இயக்குநரின் பெயரில், முகத்தை மூடிய ஜப்பானிய மறைமுக வீரர்களான நிஞ்சாக்களின் படங்கள் குவிந்தன. செய்முறை இதுதான்: ஆசிய நாடுகளில் எடுத்து, வெளியே அதிகம் தெரியாமல் கிடக்கும் ஒரு படத்தை மலிவாக வாங்க வேண்டும். வெள்ளைக்கார நடிகர் ஒருவரை வைத்துக் கொஞ்சம் நிஞ்சா காட்சிகள் எடுக்க வேண்டும். இரண்டையும் கலந்து ஆங்கிலக் குரல் கொடுத்தால் புதிய படம். ஆனால் இந்தப் படத்து ஆளும் அந்தப் படத்து ஆளும் சந்திக்கவே முடியாதே? அதற்குத்தான் தொலைபேசி. ஒரு நாட்டில், ஒரு வருடத்தில், ஒரு கதையில் நிற்பவர் “சரி ஐயா” என்பார். வேறொரு நாட்டில், வேறொரு வருடத்தில் உட்கார்ந்திருப்பவர் “அவனை முடித்துவிடு” என்பார். 1985-இல் வந்த ‘நிஞ்சா டெர்மினேட்டர்’ படத்தில் ரிச்சர்ட் ஹாரிசன் இப்படி உலகைக் காக்கும் உத்தரவுகளைப் பிறப்பிப்பது, கேலிச்சித்திரப் பூனை கார்ஃபீல்டின் வடிவத்தில் செய்த தொலைபேசியில். முகத்தில் ஈயாடவில்லை. அவர் ஒப்புக்கொண்டு நடித்தது சில படங்களில்தான். எடுத்த காட்சிகளைப் பிய்த்துப் பிய்த்து இன்னும் பல படங்களில் சேர்த்துவிட்டார்கள். தான் நடிக்காத படங்களின் நாயகன் என்ற பெருமை அவரைச் சேரும்.

வேண்டுமென்றே மோசமாக எடுக்கும் படங்கள் இப்போது நிறைய வருகின்றன. ரப்பர் முதலை, சாயம் போன ரத்தம், கண்ணடித்துக்கொண்டே நடிக்கும் நாயகன். எனக்கு அவற்றில் சிரிப்பு வருவதில்லை. ‘சாமுராய் காப்’ படத்துக்கே ரசிகர்களின் நிதியோடு 2015-இல் இரண்டாம் பாகம் எடுத்தார்கள். இந்த முறை மோசமாக எடுக்க வேண்டும் என்று தெரிந்து எடுத்தார்கள். பொய்முடியும் திட்டமிட்டதே. அப்புறம் அதில் என்ன இருக்கிறது? வழுக்கி விழுகிறவனைப் பார்த்தால் சிரிப்பு வரும். வழுக்குவது போல நடிப்பவனைப் பார்த்தால் இவனுக்கு என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

உண்மையாகவே நம்பி எடுத்தவர்களின் கதையே வேறு. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையின் ஆசிரியராக இருந்த ஒய்.கே. கிம் தன் சொந்தப் பணத்தைக் கொட்டி, தானே நடித்து, ‘மயாமி கனெக்‌ஷன்’ என்ற படத்தை எடுத்தார். டேக்வாண்டோ தெரிந்த இசைக்குழு ஒன்று, மோட்டார் சைக்கிளில் வரும் போதைப்பொருள் நிஞ்சாக்களை எதிர்க்கும் கதை. நடுநடுவே நட்பைப் பற்றிய பாட்டு. 1988-இல் வெளியாகி, படுத்துவிட்டது. 2009-இல் ஒரு திரையரங்க நிறுவனத்தைச் சேர்ந்தவர் அதன் பழைய பிரதியை இணைய ஏலத்தில் 50 டாலருக்கு வாங்கிப் போட்டுப் பார்க்க, அரங்கமே ஆர்ப்பரித்தது. படத்தை மறுபடி வெளியிட வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டபோது, யாரோ விளையாடுகிறார்கள் என்று எண்ணி கிம் இணைப்பைத் துண்டித்துவிட்டாராம். 2012-இல் அது மீண்டும் திரைக்கு வந்தது. அந்தப் படத்தில் ஒருவருக்கு அப்பாவிடமிருந்து கடிதம் வருகிற காட்சி இருக்கிறது. நடிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை பேரும் அப்படி மனம் உருகி நிற்கிறார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவர்களைக் கொஞ்சம் பிடித்தும் போய்விடுகிறது.

உகாண்டாவில் கம்பாலா நகரின் வகலிகா பகுதியில் ஐசக் நப்வானா எடுக்கும் படங்களை எந்த வரிசையில் வைப்பது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. 2010-இல் வந்த ‘ஹூ கில்ட் கேப்டன் அலெக்ஸ்?’ படத்துக்கு 200 டாலருக்கும் குறைவாகவே செலவானது என்று சொல்லப்படுகிறது. பழைய பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திய கணினி, காயலான் இரும்பில் செய்த துப்பாக்கிகள். அடுத்த படத்துக்குக் கணினியில் இடம் வேண்டும் என்று இந்தப் படத்தின் மூலப் பிரதியையே அழித்துவிட்டார். மிஞ்சியது, எம்மி என்ற வர்ணனையாளர் மேலே பேசியிருக்கும் பிரதி. திரையில் சண்டை நடக்கும்போதே அவர் உற்சாகத்தில் கூவிக்கொண்டிருப்பார். உகாண்டாவில் படத்துக்கு இப்படி நேரலையாக வர்ணனை சொல்வதைத் தனித் தொழிலாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே யாரும் தெரியாமல் சறுக்கவுமில்லை, சறுக்குவதுபோல் நடிக்கவுமில்லை. இருப்பதைக் கொண்டு கொண்டாடுகிறார்கள்.

எங்கள் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. கதை, திரைக்கதை, வசனம், இயக்கம், படத்தொகுப்பு, சண்டைப் பயிற்சி என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். அத்தான் அதற்குள் காகிதத்தில் வரவு செலவை எழுதி முடித்திருந்தார். கார் சொந்த வண்டியாக இருக்கும், செலவில்லை. வெடி, சத்தம் மட்டும். கிடங்கு, நண்பருடையது. ஹெலிகாப்டர், நிழல் மட்டும். அதுவும் மின்விசிறியின் நிழல். “மொத்தப் படத்திலும் உருப்படியாகக் காசு போட்டது கறுப்புக் கண்ணாடிக்குத்தான். இருபது அடியாட்கள், இருபது கண்ணாடி” என்று அடிக்கோடிட்டார்.

“இருபது இல்லை அப்பா, ஏழெட்டுதான் இருக்கும்” என்றான் மகன்.

அத்தானுக்குத் தன் கணக்கில் கை வைத்தால் பொறுக்காது. உச்சக்கட்டச் சண்டையைப் பின்னால் ஓட்டி, மெதுவாகப் பார்த்தோம். பையன் சொன்னது சரி. நாயகனிடம் அடி வாங்கும் ஒவ்வொருவரும் விழுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி, பின்னால் வரிசையில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுத்தான் விழுகிறார்கள். வாங்கியவர் அதை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து அடி வாங்குகிறார். மீசைக்காரருக்குப் பின்னால் மட்டும் ஆள் இல்லை. நெஞ்சில் குண்டு பாய்ந்த நிலையில் அவர் கண்ணாடியை மடித்து, சட்டை நுனியால் ஒரு தடவை துடைத்து, மிதிபடாத இடமாகப் பார்த்துப் புல்லில் வைத்துவிட்டு, அப்புறம்தான் மூன்றாவது முறையாக இறந்தார்.

அத்தான் இருபதை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார்.